செஸ்டர் நகர நடையும் பேராலயத்து நீதிமன்ற அறையும்: ஒரு மருத்துவச்சியின் மதிப்புரை

வடமேற்கு இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ரோமர் காலத்து மதில், மாடியில் இருக்கும் கடை வரிசை, ஈஸ்ட்கேட் கடிகாரம் என்று பெரும்பாலும் ஒரே பாதைதான். நான் போனது வேறு மாதிரியான நடை. கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகாதவர், குடித்தவர், கெட்ட வார்த்தை பேசியவர், கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை உண்டானவர் என்று இவர்களையெல்லாம் பழைய இங்கிலாந்து எந்தச் சட்டத்தில் பிடித்தது, என்ன தண்டனை கொடுத்தது என்பதைச் சொல்லிக்கொண்டே ஊரைக் காட்டுகிறார் ஒருவர். தலைக்குப் பதினைந்து பவுண்டு, இரண்டு மணி நேரம். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தனி ஆளாக நடத்தும் சின்னத் தொழில் அது. எனக்கு அதில் ஒரு குறையும் உண்டு.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் பதினோரு வருஷமாக மிட்வைஃப் வேலை. நாலு ராத்திரி டூட்டி முடிந்த வெள்ளிக்கிழமை, வீட்டில் தூங்குவதற்குப் பதிலாக ரயில் ஏறிவிட்டேன். நாங்கள் ஒன்பது பேர். ஹை கிராஸ் என்ற நாற்சந்திச் சிலுவைக்குப் பக்கத்தில் கூடினோம்.

முதல் முக்கால் மணி நேரத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வழிகாட்டி பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டத்தைச் சட்டமாகச் சொல்லாமல் கூலிக் கணக்கில் சொன்னார். 1559-ல் முதலாம் எலிசபெத்தின் சட்டம் ஒன்று வந்தது: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவருக்கு ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு பென்ஸ் அபராதம், அந்தப் பணம் ஏழைகளுக்கு. பன்னிரண்டு பென்ஸ் என்றால் அன்றைய கூலியாளுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம். 1581-ல் கத்தோலிக்கரைக் குறிவைத்து அதையே மாதத்துக்கு இருபது பவுண்டு ஆக்கினார்கள். அது ஆளையே அழித்துவிடும் தொகை. குடித்துவிட்டுப் பிடிபட்டால், 1606-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஷில்லிங், அதாவது அறுபது பென்ஸ். கட்ட முடியாதவருக்கு ஆறு மணி நேரம் தொழுமரம். பணம் இருந்தால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் காலை மரத்தில் மாட்டிக்கொண்டு சந்தையில் உட்கார வேண்டும். எல்லாச் சட்டத்திலும் இந்த ஒரே ஏற்பாடு திரும்பத் திரும்ப வருவதை அவர் நன்றாகக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டைப் பற்றி அவர் சொன்னதும் அருமை. 1617-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லங்காஷயர் வழியாக வந்தபோது, ஆறு நாளும் உழைக்கிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பாடக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று சனங்கள் முறையிட்டார்கள். அதற்கு மன்னர் வெளியிட்ட அறிக்கையை எழுத உதவியவர் அன்றைய செஸ்டர் பேராயர் தாமஸ் மார்ட்டன். நடனம், வில் வித்தை, மே மாதக் கொண்டாட்டத்தில் சுற்றி ஆடும் மேக்கம்பம் எல்லாம் ஆகலாம். கரடிச் சண்டையும் காளைச் சண்டையும் கூடாது. அதுவும் காலையில் ஆராதனைக்கு வந்தவருக்கு மட்டும்தான் அனுமதி. மறு ஆண்டு அது நாடு முழுவதற்கும் ஆனது. 1643-ல் நாடாளுமன்றம் அதே அறிக்கையை எரிக்க உத்தரவு போட்டது. ஒரு தலைமுறைக்குள் மன்னர் அனுமதித்தது பாவமாகிவிட்டது. ஓய்வுநாளில் துணி துவைத்ததற்காக என்னைத் திட்டிய ஆச்சியிடம் வளர்ந்தவள் நான். இதைக் கேட்டபோது அந்தத் தெருவில் நின்றவர்களை நேரில் தெரிந்த மாதிரி இருந்தது.

ஊர்க்காரர்களே தெருவில் வண்டி கட்டி நடித்த வேதாகம நாடகங்களைப் பற்றியும் சொன்னார். போப்பு மார்க்க, அதாவது கத்தோலிக்க, வாடை அடிக்கிறது என்று மேலிடம் தடுத்தும், 1575-ல் கடைசித் தடவையாக ஆடினார்கள். அனுமதித்த மேயர் ஜான் சாவேஜ், அரசரவைக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த நாடகங்கள் பெரிய அளவில் மறுபடி உயிர்பெற்றது 1951-ல்தான்.

நடு அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பிரசங்கி ஜேம்ஸ் நெய்லர் 1656-ல் இயேசு எருசலேமுக்குள் நுழைந்தது போலப் பிரிஸ்டல் நகரத்துக்குள் குதிரையில் வந்ததையும், நாடாளுமன்றமே உட்கார்ந்து அவரைத் தண்டித்ததையும் பதினைந்து நிமிஷம் சொன்னார். முந்நூற்றுப் பத்துக் கசையடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கில் துளை, நெற்றியில் தெய்வ நிந்தனைக்காரன் என்ற பொருளில் ஓர் எழுத்துச் சூடு. கொடூரம்தான், கேட்க வேண்டியதுதான். ஆனால் அது நடந்தது பிரிஸ்டலிலும் லண்டனிலும். செஸ்டருக்கென்று இருக்கிற ஒன்றே ஒன்றுக்கு அவர் ஒதுக்கியது பத்து நிமிஷம்.

அந்த ஒன்று, பேராலயத்துக்குள் தென்மேற்குக் கோபுரத்தின் அடியில் இருக்கும் நீதிமன்ற அறை. 1636-ல் செய்த மரவேலை. இங்கிலாந்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் திருச்சபை நீதிமன்றங்களில் இதுதான் மிகப் பழையது. கறுத்த ஓக் மரம். நடுவில் பெரிய மேஜை. அதைச் சுற்றிப் பெஞ்சு. அங்கேதான் வக்கீல்களும் எழுத்தரும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம், மேலே கூரை வைத்த உயர்ந்த இருக்கை. பேராயர் சார்பில் தீர்ப்புச் சொல்பவர் அதில் இருப்பார். மூலையில், தரையிலிருந்து உயரத்தில், ஒற்றை ஆள் உட்காரும் ஓர் இருக்கை. அது சம்மன் கொண்டுபோகும் சேவகனுடையது. ஊர் ஊராகப் போய், இன்ன நாள் இன்ன நேரம் வந்து ஆஜராகு என்று வீட்டு வாசலில் நின்று சொல்கிறவன். அந்த மூலையில் உட்கார்ந்தால் வந்தவர் போனவர் எல்லார் முகமும் தெரியும். எல்லார் வீடும் அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்த அறைக்கு வந்ததும் வழிகாட்டி தோள்பையிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்தார். எங்களில் ஓர் இளம் பெண்ணின் மேல் போர்த்தி, கையில் வெள்ளைக் குச்சி ஒன்றைக் கொடுத்து நிற்கவைத்தார். வேசித்தனம், அதாவது கல்யாணமில்லாத உறவு, என்ற குற்றத்துக்கு இப்படித்தான் நிற்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அப்புறம் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில், எனக்கு ஜடை பின்னிவிடுகிற ஓர் அக்கா இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் அவள் பெயரை எல்லார் முன்னாலும் வாசித்தார். அதிலிருந்து அவளுக்கு நற்கருணை கிடையாது, கடைசிப் பெஞ்சுதான். திரும்பிப் பார்க்காதே என்று அம்மா என் முழங்காலை அழுத்தினாள். நான் பார்த்தேன். வயிறு அப்போதே தெரிந்தது. எங்கள் பக்கத்துச் சபைகள் இங்கிலாந்து மிஷனெரிகள் வழியாக வந்தவை. சபை விலக்கு என்ற சொல்லை நான் இந்த நாட்டுக்கு வந்து படிக்கவில்லை.

அதனால் மறுநாள் சனிக்கிழமை மறுபடியும் ரயில் ஏறி, தனியாகப் போனேன். முக்கால் மணி நேரம் அந்த அறையிலேயே இருந்தேன். வழிகாட்டி சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

வெள்ளைத் துணி என்பது வேஷம் இல்லை. தீர்ப்பானதும் குற்றவாளியிடம் ஒரு காகிதம் கொடுப்பார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கோயிலில், தலையில் ஒன்றும் போடாமல், வெறுங்காலோடு, மேலே வெள்ளைத் துணி, கையில் வெள்ளைக் கோல், எங்கே நிற்க வேண்டும், குருவானவர் சொல்லச் சொல்ல எந்த வார்த்தைகளில் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நின்று முடித்ததும் அந்தக் காகிதத்தில் குருவானவரும், கோயில் காரியம் பார்க்கும் ஊர்க்காரர்களான சர்ச் வார்டன்களும் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் திரும்ப நீதிமன்றத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கட்டணமும் உண்டு. செஸ்டர் மறைமாவட்டம், அதாவது அந்தப் பேராயரின் ஆளுகைப் பகுதி, 1541-ல் உண்டாக்கப்பட்டது. செஷயர், லங்காஷயர் தாண்டி வடக்கே கம்பர்லாந்தின் ஒரு பகுதி வரைக்கும் விரிந்து கிடந்தது. வடகோடிக் கிராமத்து வேலைக்காரிக்கு, தன் அவமானத்துக்கான ரசீதைச் சேர்ப்பதே பெரிய பாடு. வராவிட்டால் சபை விலக்கு. நாற்பது நாள் அதிலேயே இருந்தால் சிறைக்கு அனுப்ப அரசாணை வாங்கலாம்.

யார் வந்து புகார் சொன்னது? அதுதான் இந்த அறையின் பயங்கரம். போலீஸ் என்று யாரும் இல்லை. ஊரின் சர்ச் வார்டன்கள், அதாவது பக்கத்து வயல்காரர், எதிர்வீட்டுத் தச்சர், யாரைப் பற்றி என்ன பேச்சு அடிபடுகிறது என்று எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் மறுத்தால், நீ நல்லவள் என்று சத்தியம் பண்ண நாலு பேரை, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். ஊரில் வேர் உள்ளவருக்கு ஆள் கிடைக்கும். வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கு யார் வருவார்? வசதியுள்ளவர் பணம் கட்டி வெள்ளைத் துணியிலிருந்து தப்பிக்கவும் வழி இருந்தது. கல்யாணம் செய்துகொண்ட ஜோடியைக்கூட, குழந்தை பிறந்த தேதியை விரல்விட்டு எண்ணி இழுத்துவந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி வழக்குப் போடக் கூடாது என்று 1787-ல்தான் சட்டம் வந்தது.

அதே நேரத்தில், இந்த அறையைப் பெண்கள் தங்களுக்காகவும் பயன்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. தெருவில் ஒருவன் வேசி என்று கத்திவிட்டால், அவன்மேல் மானநஷ்ட வழக்குப் போட அவர்கள் வந்தது திருச்சபை நீதிமன்றத்துக்குத்தான். 1855 வரைக்கும் அந்த அதிகாரம் இருந்தது. தூற்றியவனை மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டு வெளியே போன பெண்களும் இந்த மேஜை ஓரத்தில் நின்றிருக்கிறார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மருத்துவச்சிகளுக்கு உரிமம் கொடுத்துவந்தது பேராயரின் அதிகாரம். அதற்கு ஒரு சத்தியம் உண்டு. 1567-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயரின் முன்னால் எலினார் பீட் என்ற மருத்துவச்சி எடுத்த சத்தியம் இன்றும் இருக்கிறது. எங்கள் படிப்பிலேயே அதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பணக்காரிக்கு உதவுவது போலவே ஏழைக்கும் உதவுவேன் என்று அதில் வருகிறது. படித்தபோது பெருமையாக இருந்தது. குழந்தை பிழைக்காது என்றால் சுத்தமான வெறும் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுப்பேன் என்றும் வருகிறது. கூடவே இன்னொன்று: பிரசவ வலியில் இருக்கும் பெண், குழந்தையின் உண்மையான தகப்பனைத் தவிர வேறு யார் பெயரையும் சொல்ல விடமாட்டேன் என்று.

இது ஏதோ பேச்சுக்குச் சொன்ன வரி இல்லை. கல்யாணமாகாமல் பிள்ளை பெறுகிறவளிடம் வலியின் உச்சத்தில் மருத்துவச்சி கேட்பாள்: யார் தகப்பன், சொல். சொல்லாவிட்டால் கைகொடுக்காமல் ஒதுங்கி நிற்பதும் உண்டு. காரணம் பணம். 1576-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப் பிறந்த குழந்தை ஊர் செலவில் வளர வேண்டியிருந்தால், தாய் தகப்பன் இரண்டு பேரையும் தண்டிக்கவும் செலவை வாங்கவும் நீதிபதிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. தகப்பன் பெயர் தெரிந்தால் ஊருக்குச் செலவு மிச்சம். 1610-ல் வந்த சட்டமோ, அப்படி ஊருக்குப் பாரமாகும் குழந்தையைப் பெற்றவளை ஒரு வருஷம் சீர்திருத்தச் சிறையில் அடைக்கச் சொன்னது. பாவம், தேவகோபம் என்று ஆரம்பிக்கிற சட்டங்கள் கடைசியில் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கின்றன.

கருப்பை வாய் முழுசாகத் திறந்து, அடுத்த வலிக்கு முன்னால் ஒரு நிமிஷ இடைவெளி கிடைக்கும்போது ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்துவார்கள். அம்மா பெயரைச் சொல்வார்கள், கடவுள் பெயரைச் சொல்வார்கள், செத்துவிடுவேன் என்பார்கள். அந்த நிமிஷத்தில் நான் கையை உருவிக்கொண்டு, பெயரைச் சொல், அப்புறம் பிடிக்கிறேன் என்று நின்றால்? அந்த மூலை இருக்கையைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எங்கள் படிவத்திலும் தகப்பன் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். பிறப்பைப் பதியும்போதும், கல்யாணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

இன்னும் ஒரு சட்டம் இருக்கிறது, 1624-ல் வந்தது. கல்யாணமாகாதவள் யாருக்கும் தெரியாமல் பெற்று, குழந்தை இறந்ததை மறைத்தால், அது கொலை என்றே எடுத்துக்கொள்ளப்படும். செத்தேதான் பிறந்தது என்று சொல்ல ஒரு சாட்சியாவது இருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் தூக்கு. வெள்ளைத் துணிக்குப் பயந்து வைக்கோல் கொட்டிலில் தனியாகப் பெற்றவளுக்கு எங்கிருந்து சாட்சி வரும்? மூச்சே விடாமல் பிறந்த குழந்தைகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன். யார் தப்பும் இல்லாமல் அப்படி நடக்கும். 1803-ல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். கிட்டத்தட்ட நூற்றெண்பது வருஷம்.

இந்த அளவு கனமான விஷயம் அந்த அறைக்குள் இருக்கும்போது, படுக்கை விரிப்பைப் போர்த்திச் சிரிக்கவைத்தது எனக்கு வலித்தது. 1650-ஆம் ஆண்டு விபசாரச் சட்டத்தைப் பற்றி அவர் வெளியே புல்வெளியில் சொன்னதும் பாதிதான். விபசாரத்துக்கு மரண தண்டனை என்றார், சரி. ஆனால் கல்யாணமான பெண் பிடிபட்டால்தான் இரண்டு பேருக்கும் மரணம். கல்யாணமான ஆண், கல்யாணமாகாத பெண்ணோடு இருந்தால் அது வெறும் வேசித்தனக் குற்றம், மூன்று மாதச் சிறை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் அந்தச் சட்டத்தைச் சொல்லக் கூடாது. 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் அது போய்விட்டது. திருச்சபை நீதிமன்றங்களுக்கு 1641-ல் பிடுங்கிய பல்லை, அதாவது தண்டிக்கும் அதிகாரத்தை, 1661-ல் திரும்ப வைத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும் இந்த நடைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கூலிக் கணக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கதையும் வேறு எங்கேயும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காத மனிதர். பின்னால் வந்த ஒரு வயதான அம்மாவுக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். நடை நேராகத்தான், ஆனால் கல் பாவிய தெரு. முழங்கால் வலி உள்ளவர்கள் நல்ல செருப்போடு போங்கள். மழைக்கு ஒதுங்க அந்த மாடிக் கடை வரிசை இருக்கிறது.

பேராலயத்து அறைக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து. நடை முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள், மறுபடி உள்ளே போய் உட்காருங்கள். ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை நேரம். உள்ளே வெளிச்சம் குறைவு. மரத்தின் செதுக்கலைப் பார்க்க மேகமில்லாத நாளாக இருந்தால் நல்லது.

ஊருக்குத் திரும்பியதும் வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குறையை மறைக்காமல், ஜடை பின்னிய அக்காவைப் பற்றியும் எழுதினேன். மருத்துவச்சியின் சத்தியத்தையும் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அந்த விரிப்பை இனி பையிலிருந்து எடுக்கப்போவதில்லை, அந்த இடத்தில் சத்தியத்தை வாசிக்கலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக வாசியுங்கள் என்றேன். அடுத்த மாதம் என்னோடு வேலை செய்யும் இரண்டு மிட்வைஃப்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். வாசித்தாரா, எத்தனை நிமிஷம் அந்த அறையில் நின்றோம் என்பதை இதே மதிப்புரையின் கீழே சேர்க்கிறேன்.